சஸ்டைனபிள் டிசைன் பாடம் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு எதிலிருந்து தொடங்குவது?

கேட்டவர்: ஊசிமுனை

வணக்கம். அவிநாசி பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் ஃபேஷன் டிசைன் துறையில் வேலை பார்க்கிறேன். இந்தப் பருவம் சஸ்டைனபிள் டிசைன் என்று ஒரு புதுப் பேப்பரை என் தலையில் கட்டிவிட்டார்கள். பாடத்திட்டத்தில் இருப்பவை எல்லாம் நல்ல வார்த்தைகள்தான். மறுசுழற்சி, பொறுப்பான வணிகம், வருங்காலத் தலைமுறை. ஆனால் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பாவோ அம்மாவோ பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். அவர்களிடம் போய் வருங்காலத் தலைமுறை என்றால் கொட்டாவி விடுகிறார்கள். எனக்கே வருகிறது.

போன வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். கழிவிலிருந்து ஆடை என்று ஒரு ஃபேஷன் ஷோ. ஒரு குழு பிளாஸ்டிக் டம்ளரில் பாவாடை செய்தது. டம்ளர் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "கடையில வாங்கினோம் மிஸ், யூஸ் பண்ணினது நசுங்கியிருக்கு" என்றார்கள். முந்நூறு புது டம்ளர்! ஷோ முடிந்ததும் எல்லாம் குப்பைக்குப் போனது. அந்தக் குழுவுக்குத்தான் முதல் பரிசு. நடுவர்களில் நானும் ஒருத்தி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தடவை அப்படி வேண்டாம். தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள். ஒரு டிசைனர் கையில் உண்மையிலேயே என்ன இருக்கிறது? மொத்தம் இருபத்தெட்டுப் பேர், வாரம் மூன்று மணி நேரம்.

பதில்: பழைய சாயக்காரன்

டீச்சரம்மா, டம்ளர் பாவாடையைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கணும். நான் முப்பத்தொரு வருடம் சாயப்பட்டறையில் இருந்தவன். விஞ்ச் மெஷினில் கம்பு பிடித்துத் துணி கிளறிய காலத்தில் சேர்ந்து, சாஃப்ட் ஃப்ளோ வந்த பிறகு மாஸ்டராகி, இப்போது முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கிறேன்.

நீங்கள் உப்பிலிருந்து தொடங்குங்கள். சமையல் உப்பைச் சொல்லவில்லை, சாய உப்பு. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது, சாயம் தண்ணீரை விட்டுத் துணிப் பக்கம் போவதற்கு உப்புப் போட வேண்டும். அப்புறம் சோடா ஆஷ் போட்டால்தான் சாயம் நாரைப் பிடிக்கும். உப்பு துணியில் தங்காது. போட்டது மொத்தமும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். பிடிக்காத சாயமும் கூடவே வரும்.

இப்போது கணக்கு. ஒரு டி-ஷர்ட்டுக்குக் கட்டிங் வேஸ்டோடு சேர்த்து 200 கிராம் துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 8 லிட்டர் தண்ணீர் என்ற விகிதத்தில் சாயம் போட்டால், ஒரு சட்டைக்கு 1.6 லிட்டர். கறுப்புக்கு லிட்டருக்கு 80 கிராம் உப்புப் போடுவோம். ஆக ஒரு கறுப்பு டி-ஷர்ட்டுக்கு 128 கிராம் உப்பு. வெளிர் மஞ்சளுக்கு 20 கிராம் போதும், சட்டைக்கு 32 கிராம்தான். பத்தாயிரம் பீஸ் ஆர்டர் என்றால் கறுப்புக்கு 1,280 கிலோ, வெளிர் மஞ்சளுக்கு 320 கிலோ. இந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பது சாய மாஸ்டர் கிடையாது. ஏசி ரூமில் ஷேட் கார்டை, அதாவது நிறங்கள் ஒட்டிய அட்டையை, வைத்துக்கொண்டு "இது" என்று விரல் வைக்கிறவர்தான். அந்த விரலைத்தான் நீங்கள் உங்கள் வகுப்பில் தயார் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

வகுப்புக்கு ஒரு தராசு கொண்டுபோங்கள். கறுப்பு டி-ஷர்ட் போட்டு வந்த பையனை முன்னால் அழைத்து, 128 கிராம் உப்பை நிறுத்து ஒரு டம்ளரில் கொட்டி அவன் கையில் கொடுங்கள். அரை டம்ளர் வரும். (டம்ளர் உங்கள் கல்லூரியில் நிறைய இருக்குமே.)

"இப்போதுதான் ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற விதி வந்துவிட்டதே, உப்பு ஆற்றுக்குப் போகாதே" என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. சாயத்தண்ணீரை முதலில் நுண்ணுயிர் வைத்துச் சுத்தம் செய்து, அப்புறம் ஆர்.ஓ.வில் விடுகிறார்கள். பெரும்பகுதி நல்ல தண்ணீராகத் திரும்ப வந்துவிடும். மிச்சம் இருக்கும் உப்புக் கரைசலை எவாபரேட்டரில் கொதிக்க வைத்து உப்பைப் பிரிக்க வேண்டும். அந்த நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு விறகு. சுத்தமாகப் பிரிந்த உப்பை மறுபடி சாயத்துக்கே போட்டுக்கொள்ளலாம். பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கியிருக்கும், போய்ப் பாருங்கள். ஆற்றில் விடாத ஒவ்வொரு கிராமையும் விறகு எரித்துத்தான் வெளியே எடுக்கிறோம். அதனால் டிசைனர் ஷேட் மேல் விரல் வைக்கும்போது இன்றைக்கும் கணக்கு ஓடுகிறது.

கறுப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானே கறுப்புச் சட்டைக்காரன். ஆனால் வேறு வழிகள் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியணும். கிரே மெலஞ்ச் துணியைப் பாருங்கள். நூற்பதற்கு முன்பே கறுப்பு நாரை வெள்ளை நாரோடு கலந்துவிடுகிறார்கள். கலக்கிற அந்தக் கொஞ்சம் நாருக்கு மட்டும்தான் சாயம். துணியாக வந்த பிறகு அலசினால் போதும். கோல்டு பேட் பேட்ச் என்று ஒரு முறை இருக்கிறது. சாயத்தையும் காரத்தையும் துணியில் பிழிந்து ஏற்றி, உருளையில் சுற்றி, ஓர் இரவு அப்படியே வைப்பது. அதில் உப்பே கிடையாது. எல்லா ஆர்டருக்கும் சரிவராது, குறைந்த கிலோவுக்குக் கட்டுப்படியாகாது, ஆனால் இருக்கிறது.

இன்னொன்று, சிவப்பும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பட்டை போடும் டிசைன். பார்க்க அழகு, எங்களுக்கு எமன். சிவப்பு வெள்ளையில் இறங்காமல் இருக்க எத்தனை அலசல், எத்தனை சோப்பிங் தெரியுமா? அலசும் தண்ணீரைப் பற்றி டெக் பேக்கில் (ஆடையின் அளவு, துணி, நிறம் எல்லாம் எழுதிப் பையர் அனுப்பும் குறிப்பு) ஒரு வரி கூட இருக்காது. நிறத்துக்கு ஓகே வாங்க அனுப்பும் சாம்பிள் துண்டு, லேப் டிப் என்போம், அது ஐந்து தடவை திரும்பி வந்த ஆர்டர் எல்லாம் பார்த்திருக்கிறேன். கடைசியில் முதல் டிப்பைத்தான் ஓகே செய்தார்கள்.

2011 ஜனவரி கடைசியில் உயர் நீதிமன்றம் சொல்லி 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடினார்கள். அன்றைக்கு என் பட்டறையில் மெஷினுக்குள் துணி பாதிச் சாயத்தில் இருந்தது. கரண்ட் கட். அதை வெளியே எடுத்தபோது திட்டுத் திட்டாக நீலம். முதலாளி அதைத் தூக்கிப் போடவில்லை. ரொம்ப நாள் அலுவலகத்தில் மேஜைக்கடியில் வைத்திருந்தார். எங்கள் மேலும் தப்பு இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆற்றில் சாயத்தண்ணீர் விடக் கூடாது என்று 2006இலேயே நீதிமன்றம் சொல்லியும் இன்னும் ஒரு வருடம், இன்னும் ஒரு வருடம் என்று தள்ளிக்கொண்டு போனோம். ராத்திரி மழை பெய்தால் சந்தோஷப்பட்ட ஊர் இது. மழைத் தண்ணீரோடு சாயத்தண்ணீரையும் யாருக்கும் தெரியாமல் ஆற்றில் விட்டுவிடலாமே.

பதில்: மெர்ச்சன்டைசர் ராத்திரி ஷிப்ட்

மாஸ்டர் சொல்வது சரி, ஆனால் பாதிதான் சரி. ஷேட் கார்டில் விரல் வைப்பவர் பெரும்பாலும் திருப்பூரில் உட்கார்ந்திருப்பதில்லை. ஜெர்மனியிலோ ஸ்பெயினிலோ இருக்கிறார். எங்களுக்கு வருவது டெக் பேக். "இந்தப் பட்டையை மாற்றலாமா" என்று நான் ஒரு தடவை கேட்டேன். "மாற்றலாம், ஆர்டரையும் மாற்றிக் கொடுக்கலாம்" என்று பதில் வந்தது, சிரிக்கும் படத்தோடு.

பையர் தன் இணையதளத்தில் பூமியைக் காப்போம் என்று போட்டுக்கொள்வார். அதே பையர் போன சீசன் விலையில் சில சென்ட் குறைக்கச் சொல்வார். ஜீரோ டிஸ்சார்ஜ் செலவு யார் கணக்கில் ஏறுகிறது என்று பிள்ளைகளை ஒரு காஸ்டிங் ஷீட் போடச் சொல்லுங்கள் மேடம். நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று எல்லாம் எழுதிக் கடைசியில் மிஞ்சுவதைப் பார்க்கட்டும். பொறுப்பான வணிகம் என்ற பாடம் அந்த ஷீட்டின் கடைசி இரண்டு வரியில் இருக்கிறது.

இருந்தாலும் ஒன்று மாறியிருக்கிறது. இப்போது பல எக்ஸ்போர்ட் கம்பெனிகள் சொந்தமாக டிசைன் டீம் வைத்து, கலெக்‌ஷன் போட்டுப் பையரிடம் காட்டுகின்றன. அங்கே உங்கள் மாணவிக்குப் பேச இடம் இருக்கிறது. மெலஞ்சை, வெளிர் நிறத்தை நன்றாக வரைந்து காட்டினால் பையர் எடுத்துக்கொள்வார். உப்புக் கணக்கு பேசினால் எடுக்க மாட்டார், அழகாக இருந்தால் எடுப்பார். அதனால் டிசைனை நன்றாகச் சொல்லிக்கொடுங்கள் முதலில்.

அப்புறம் பழுப்பு நிற அட்டை டேக், சணல் கயிறு, பச்சை இலை. அந்த டேக்கைச் சட்டையில் கோப்பது பிளாஸ்டிக் பின்னால், சட்டை போவது பாலிபேக்கில். 2024 அக்டோபரில் நம் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பசுமைப் பொய்க்கு வழிகாட்டு விதி கொண்டுவந்துவிட்டது. சொன்னால் ஆதாரம் காட்டணும். ஐரோப்பிய ஒன்றியமும் அதே வருடம் ஈகோடிசைன் சட்டம் போட்டது. பொருளோடு டிஜிட்டல் பாஸ்போர்ட், அதாவது அந்தப் பொருளின் விவரங்களைச் சொல்லும் மின்பதிவு, வரப்போகிறது, துணிக்கும் வரும். பத்து டேக்கைக் கொண்டுபோய் மேஜையில் போட்டு, எதற்கு ஆதாரம் கேட்கலாம் என்று கேளுங்கள். ஒரு வகுப்பு ஓடிவிடும்.

பதில்: கத்திரி மாஸ்டர்

எனக்கு டைப் அடிக்க வராது, மகள் அடிக்கிறாள்.

துணி எந்த டயாவில், அதாவது எந்த அகலத்தில், நிட்டிங் ஆக வேண்டும் என்பதை மார்க்கர் போட்டு, அதாவது வெட்டும் துண்டுகளைத் துணி அகலத்துக்குள் அடுக்கி வரைந்து, பார்த்துத்தான் முடிவு செய்வோம். துணி வந்த பிறகு டிசைனர் அம்மா வந்து மார்புச் சுற்றை ஒரு சென்டிமீட்டர் ஏற்றிவிடுவார். பேப்பரில் ஒரு சென்டிமீட்டர்தான். மார்க்கரில் சட்டைக் கைத் துண்டு ஒன்று வெளியே போய்விடும், அந்த ஓரம் முழுக்க, விரித்து அடுக்கிய துணியின் நீளத்துக்கும் வேஸ்ட். வரைகிற பிள்ளைகள் ஒரு நாளாவது கட்டிங் மேஜைப் பக்கத்தில் நிற்கணும்.

கட்டிங் வேஸ்ட் வாங்க வருகிறவரிடம் பேச வையுங்கள், அவர் பெரிய வாத்தியார். வெள்ளைத் துண்டுக்கு ஒரு விலை, கலர் பிரித்துக் கொடுத்தால் ஒரு விலை, லைக்ரா என்ற இழுபடும் நார் கலந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பனியன் துண்டைப் பிய்த்துப் பஞ்சாக்கி ஓ.இ. மில்லில் (ஓப்பன் எண்ட் முறையில் நூற்கும் மில்) மறுபடி நூலாக்குகிறார்கள். நாரின் நீளம் குறைந்துவிடுவதால் தடித்த நூல்தான் வரும். கலர் பிரித்த துண்டு என்றால் அந்தக் கலரே நூலில் வந்துவிடும், மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. ஆனால் லைக்ரா இருந்தால் பிய்யாமல் மெஷினில் சுருண்டுகொள்ளும். நீளும் துணிதான் வேணும் என்று எல்லாத்திலும் அஞ்சு சதவீதம் லைக்ரா எழுதுகிறார்கள். சும்மா லூஸாகத் தொங்கும் சட்டைக்கு எதற்கு லைக்ரா? பாலியஸ்டர் நூலில் தைக்காதே என்றும் சொல்வார்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை, பருத்தி நூல் ஓவர்லாக்கில் அறுந்து தள்ளும்.

பதில்: ஒரத்துப்பாளையத்துக்காரன்

எல்லோரும் திருப்பூருக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஆறு அங்கேயே நிற்கிறதா? வெள்ளிங்கிரி மலையில் புறப்பட்டு, கோயமுத்தூர், திருப்பூர் தாண்டி எங்கள் பக்கம் வந்துதான் காவிரிக்குப் போகிறது நொய்யல். 1992இல் பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள். சில வருடத்திலேயே அது சாயத்தண்ணீர்த் தொட்டி ஆனது. தொட்டியில் ஊற்றிய கிணற்றுத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு மாடு தலையைத் திருப்பிக்கொள்ளும், அதை நான் சின்னப் பையனாகப் பார்த்திருக்கிறேன். நீதிமன்றத்துக்குப் போனது எந்த டிசைனரும் இல்லை, எந்தக் கல்லூரியும் இல்லை. ஆயக்கட்டு விவசாயிகள்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் டீச்சர். அணையைக் காட்டுகிறேன். சாப்பாடு எங்கள் வீட்டில். ஒரு நிபந்தனை, செல்ஃபி எடுத்து மீட்பு நாயகர்கள் என்று போடக் கூடாது.

ஊசிமுனை (கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து வந்து எழுதுகிறேன்.

மாஸ்டர் ஐயா, தராசு வைத்துச் செய்து பார்த்தேன். கறுப்பு டி-ஷர்ட் பையன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "மிஸ், எங்கப்பா சாயப்பட்டறைலதான், உப்பு மூட்டை தூக்கித்தான் அவருக்கு முதுகு போச்சு" என்றாள். அதற்கு அப்புறம் நான் பாடம் எடுக்கவில்லை, அவள்தான் எடுத்தாள். உப்பு மூட்டை எத்தனை கிலோ, ஒரு ஷிப்டில் எத்தனை தூக்குவார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஃபேஷன் ஷோ இந்த வருடமும் உண்டு, நிர்வாகம் விடாது. ஆனால் ஒரு விதி சேர்த்திருக்கிறேன். ஒவ்வோர் ஆடையோடும் அதன் உப்பு, கட்டிங் வேஸ்ட், காஸ்டிங் மூன்றையும் ஒரு தாளில் எழுதி மாட்ட வேண்டும். துறைத் தலைவர், "பார்க்க அழகா இருக்காதேம்மா" என்றார். பேசிக்கொண்டிருக்கிறோம்.

கத்திரி மாஸ்டர் அண்ணா, உங்கள் வேஸ்ட் வியாபாரி வருவாரா என்று கேட்டுச் சொல்ல முடியுமா? ஒரத்துப்பாளையம் அண்ணாவுக்கு: அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை கல்லூரிப் பேருந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் உள்பட இருபத்தொன்பது பேர். இரண்டு பேர் கறி சாப்பிட மாட்டார்கள். பேருந்து அணை வரைக்கும் வருமா, சாலையில் இறங்கி நடக்கணுமா?

ஒரத்துப்பாளையத்துக்காரன்

வரும். தண்ணீர் மட்டும் கையில் கொண்டுவந்துவிடுங்கள்.