புதுப்பிப்பு: காரைக்குடி பவளத் தொட்டி, பட்டினி தீர்ந்தது

வீட்டில் வைத்திருக்கும் கடல்நீர்த் தொட்டியில் சோவாந்திட் (பூப்போல விரியும் சிறு பவள இனம்) பாலிப்கள் சுருங்கிவிட்டன, லெதர் பவளம் (தோல் போன்ற மென்பவளம்) வெளிறுகிறது, பவளத்துக்குச் சத்தாகும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சோதனையில் பூஜ்யம் என்று முன்பு எழுதியிருந்தேன். "தண்ணீரில் சத்தே இல்லை, தீனியைக் கூட்டுங்க" என்று அண்ணன் ஒருவர் சொன்னார். அதுதான் கேட்டது.

பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடை எடுத்துவிட்டேன். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் இரவில் மட்டும் ஓடுகிறது. பவள உணவு என்று தனியாக வாங்கவில்லை. மீன்களுக்குத்தான் கூடுதலாகப் போடுகிறேன். மீன் வெளியேற்றும் அம்மோனியாவைப் பவளத் திசுவுக்குள் வாழும் நுண்பாசி நேரடியாக எடுத்துக்கொள்ளும், பாசி தயாரிக்கும் சர்க்கரை பவளத்துக்குப் போகும். இந்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இப்போது நைட்ரேட் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு), பாஸ்பேட் 0.05 பிபிஎம். சோவாந்திட் நன்றாக விரிகிறது, லெதருக்கு நிறம் மெதுவாகத்தான் திரும்புகிறது. இரண்டையும் மறுபடி பூஜ்யத்துக்கு விட மாட்டேன். அந்த நிலையில்தான் டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் பழுப்புச் சளியாகப் படரும், அதை ஒழிப்பது பெரும்பாடு.

வெயிலைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: தொட்டி வளவை (வீட்டின் உள்முற்றத்தை) ஒட்டிய அறையில் இருக்கிறது. சுவர் தடிமனானாலும் கோடையில் தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்க மின்விசிறி வேண்டும். ஆவியாகிற அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுகிறேன், உப்புக் கலக்காமல்.

அப்புறம், கல் பவளம் (கெட்டியான கூடு கட்டும் வகை) ஏன் வைக்கவில்லை என்றால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது உச்சப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் இருப்பது அங்கேயே இருக்கட்டும்.