மாட்டு வாய்க்குள் கை விட்டது யார் யார்?

ஆடு, மாடு, கோழியிடமிருந்து மனிதருக்கு வரும் வைரஸ் நோய்களை உங்கள் தோட்டத்தில் நேரில் பார்த்திருந்தால் இங்கே எழுதுங்கள். முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்கு மூலனூர் பக்கம் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு. நாற்பது செம்மறி, இரண்டு கறவை மாடு. போன ஆவணியில் ஒருநாள் சாயங்காலம் இரண்டாம் ஈத்துக் கறவை சோளத்தட்டைத் தொடவில்லை. தவிட்டுத் தண்ணீரில் வாயை வைத்தது, உறிஞ்சவில்லை. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தரை வரைக்கும் தொங்கியது. பனம்பழம் விழுகிற காலம். "பனங்கொட்டை தொண்டையில சிக்கியிருக்கும்"னு எல்லோருக்கும் ஒரே முடிவு. வீட்டுக்காரர் முழங்கை வரை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கு மாட்டுக் கைவைத்தியம் தெரியும். அவர் வந்து கோமாரிப் புண் இருக்கிறதா என்று நாக்கை வெளியே இழுத்துப் பார்த்தார். புண்ணும் இல்லை, குளம்பும் சுத்தமாக இருந்தது.

அன்று ராத்திரி அது கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. கன்றைத் தேடிக் கத்துகிற கத்தல் இல்லை. அடிவயிற்றிலிருந்து இழுத்து, பாதியில் குரல் உடைந்து, திரும்பத் திரும்ப. பருவத்துக்குக் கத்துகிறது என்று நினைத்துக்கொண்டு படுத்தோம்.

காலையில் கால்நடை டாக்டர் வந்தார். கட்டுத்தரைக்குள் வரவில்லை, நாலடி தள்ளியே நின்று பார்த்தார். அதற்குள் பின்னங்கால் இரண்டும் தள்ளாட ஆரம்பித்திருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "வாய்க்குள்ள யாரெல்லாம் கை விட்டீங்க?" அடுத்தது, "ஒன்றிரண்டு மாசத்துல நாய் ஏதாவது கடிச்சுதா?" அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஆனியில் வெறிநாய்க் கூட்டம் புகுந்து பக்கத்துப் பட்டியில் நாலு ஆட்டைக் கொன்றது. அந்த வாரம் எங்கள் மாட்டின் மூக்கோரத்தில் ஒரு கீறல் இருந்தது. கிளுவை வேலி கிழித்திருக்கும் என்று மஞ்சளைப் பூசிவிட்டோம்.

நாலாம் நாள் மாடு செத்தது. மூளை சாம்பிளில் ரேபிஸ், அதாவது வெறிநோய் என்று உறுதியானது. தோலுக்குக் கொடுக்காமல் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

இதற்கு நடுவே, டாக்டர் சொன்ன அன்றே ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். "மாடு கடிக்கலையே, டிடி ஊசி போதும்" என்று அனுப்பிவிட்டார்கள். இதை நான் கோபமாகவே எழுதுகிறேன். கடித்தால்தான் வரும் என்பதில்லை. எச்சில் வெட்டுக்காயத்தில், கீறலில், கண்ணில், வாயில் பட்டாலும் அந்த வைரஸ் உள்ளே போகும். வீட்டுக்காரருக்கு முந்தின நாள் தட்டு அறுக்கும்போது கதிர் அரிவாள் பட்டு ஆள்காட்டி விரலில் வெட்டு. கால்நடை டாக்டர் போனில் சத்தம் போட்ட பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். அங்கே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கையைக் கழுவ வைத்துவிட்டுத்தான் ஊசியை எடுத்தார்கள். அன்றைக்கு, பிறகு 3, 7, 28ஆம் நாள், ஒவ்வொரு முறையும் இரண்டு தோளிலும் தோலுக்குள் போடுகிற சின்ன ஊசி. காயம் இருந்ததால் வீட்டுக்காரரைப் பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, அந்த விரலைச் சுற்றி, வைரஸை உடனே தடுக்கும் மருந்தான இம்யூனோகுளோபுலினும் போட்டார்கள். எல்லாம் இலவசம்.

எங்கள் அத்தை மட்டும், "நான் மாட்டுக்கிட்டயே போகல கண்ணு" என்றார். நம்பிவிட்டேன். மூன்றாம் நாள் என் மகள் சொல்கிறாள்: "ஆத்தாதான் வெளக்கெண்ணெய் ஊத்தறப்ப நாக்கைப் புடிச்சு இழுத்துச்சு." அத்தையின் கையைத் திருப்பிப் பார்த்தால் கிளுவைமுள் கீறல் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கோடு கோடாக. வேலி வெட்டிய கை அது. "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களே, அதுக்குச் சாவே தேவலாம்" என்று அழுதார். அன்றே கூட்டிப்போய் அவருக்கும் காயத்தைச் சுற்றி மருந்து, பிறகு தடுப்பூசி எல்லாம் போட்டோம். அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோய்க்கு வைத்தியம் கிடையாது. அந்த மூன்று நாள் நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

—

ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். உங்கள் அத்தை பயந்ததில் தப்பில்லைங்க. எனக்கு ஒன்பது வயதில் நாய் கடித்தது. அப்பச்சி தினமும் முதல் பஸ்ஸில் கூட்டிப்போவார். வயிற்றில்தான் ஊசி, 14 நாள். நேற்றுப் போட்ட இடம் தடித்துக் கல்லாக இருக்கும், இன்றைக்கு அதற்குப் பக்கத்தில் போடுவார்கள். அந்த மருந்தை ஆட்டு மூளையில்தான் தயாரித்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. நம் பக்கத்தில் குன்னூர் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட்டிலும் முன்பு அதைச் செய்தார்கள். 1907லிருந்து அங்கே இருக்கிற நிறுவனம். 2004 முடிவில் நாடு முழுக்க அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது வயிற்றில் ஊசியே கிடையாது. எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு இதை விளக்க என் தழும்பைக் காட்டி அரைமணி நேரம் பேசினேன். வயதானவர்களிடம் "கை விட்டீங்களா" என்று கேட்பதற்கு முன்னால் "வயித்துல ஊசி இல்லீங்க" என்று சொல்லிவிடுங்கள். அப்போதுதான் உண்மை வரும்.

—

காங்கேயம் பக்கம் வெள்ளாடு வளர்க்கிறேன். அந்த அளவுக்குப் பயங்கரம் இல்லை, ஆனால் ஆடு வைத்திருக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. சந்தையில் வாங்கி வந்த இரண்டு குட்டிகளுக்கு உதட்டைச் சுற்றிப் பொருக்குப் பொருக்காகப் புண். வாய் வலியில் தாயிடம் ஊட்டவில்லை. மடியில் போட்டுக்கொண்டு புட்டியில் பால் கொடுத்தேன். பொருக்கைப் பிய்த்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினேன், வெறும் கையில்.

ஒரு வாரத்தில் என் கட்டைவிரல் ஓரத்தில் சிவப்பாக ஒரு கொப்புளம். பெரிதாகி, நடுவில் வெள்ளை, சுற்றிலும் சிவப்பு வளையம். நகச்சுற்று என்று அம்மா எலுமிச்சம்பழத்தைத் துளைத்துச் சொருகிவிட்டார். எரிச்சல்தான் மிச்சம். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கித் தின்றேன். அறுத்துவிடலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். கடைசியில் அரசு மருத்துவமனையில் ஒரு தோல் டாக்டர் விரலைப் பார்த்த உடனே, "வீட்ல ஆடு இருக்கா? குட்டிக்கு வாய்ப்புண்ணா?" என்று கேட்டார். ஆர்ஃப் என்று பெயர் சொன்னார். ஆட்டு வாய்ப்புண் வைரஸேதான். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது, அறுக்கக் கூடாது, மூடிக் கட்டிவை, தானாகக் காயும் என்றார். ஆறாவது வாரம் பொருக்கு உதிர்ந்து தழும்பில்லாமல் ஆறிவிட்டது.

அவர் சொன்ன இன்னொன்று: பட்டியில் உதிரும் அந்தப் பொருக்கில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பட்டி மண்ணை வழித்து எரித்தேன். இப்போது குட்டி வாயைத் தொட்டால் கையுறைதான்.

—

பொள்ளாச்சியில் பால் ஊற்றுகிறவன். எங்களுக்கு நடந்தது தலைகீழ். மாட்டுக்குத் தோல் கழலை நோய் வந்தபோது, உடம்பெல்லாம் உருண்டை உருண்டையாகத் தடித்தது. ஊரில் அதை 'பெரியம்மை' என்றே சொன்னார்கள். அந்தப் பெயரே கெடுத்துவிட்டது. நோய் வராத மாட்டுப் பாலைக்கூட வாங்கமாட்டோம் என்று ஐந்து வீடு நிறுத்தினார்கள். அது மனிதருக்கு வருகிற நோயே இல்லை. ஆட்டம்மை வைரஸின் பங்காளி. ஈயும் கொசுவும் உண்ணியும்தான் மாட்டுக்கு மாடு பரப்பும். ஆட்டம்மைத் தடுப்பூசியைத்தான் மாட்டுக்கும் போட்டார்கள். வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்து உருண்டை கொடுத்தோம், கட்டுத்தரையில் சாயங்காலம் வேப்பிலைப் புகை போட்டோம். கோமாரியும், ஆட்டுக்கொல்லியும் இப்படித்தான், நமக்குப் பயமில்லை. ஆனால் கோமாரி மாட்டைப் பார்த்துவிட்டு அதே செருப்போடு அடுத்த தோட்டத்துக் கட்டுத்தரைக்குப் போனால் அங்கே நாம்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.

பயப்பட வேண்டாத நோய்க்குப் பாலை நிறுத்துகிறோம். எச்சில் ஒழுகுகிற மாட்டுக்கு யோசிக்காமல் கையை உள்ளே விடுகிறோம். அக்கா எழுதியதைப் படித்தபிறகு எனக்கு இதுதான் மனதில் ஓடுகிறது.

—

நாமக்கல், முட்டைக் கோழிப் பண்ணையில் சூப்பர்வைசர். 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்தபோது, கேரளா போய்த் திரும்பும் வண்டிகளுக்கு எல்லையில் மருந்து அடித்தார்கள். பண்ணை வாசலிலும் டயர் முக்கும் தொட்டி, உள்ளே வர வேறு செருப்பு. எங்கள் ஆட்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: காய்ச்சல் சளி என்றால் ஷெட்டுக்குள் வராதே, சம்பளம் பிடிக்கமாட்டோம். பறவை வைரஸும் மனித ஃப்ளூவும் ஒரே உடம்பில் சேர்ந்தால் புதிதாக ஒன்று பிறக்கலாம். திடீரென்று கூட்டமாகக் கோழி செத்தால் அறுக்காதீர்கள், கூடையில் போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள், கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். வேகவைத்த முட்டை, கறிக்கு ஒன்றும் இல்லை.

—

அக்கா, கோபியிலிருந்து. ரேபிஸ் வந்த அந்த மாட்டுப் பாலைக் குடித்தவர்கள் என்ன செய்தீர்கள்? கன்று என்ன ஆச்சு?

—

தங்கச்சி, இதே பயத்தில்தான் நானும் அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். சொசைட்டிக்கு ஊற்றியிருந்தோம், வீட்டில் டீ போட்டுக் குடித்திருந்தோம். காய்ச்சினால் அந்த வைரஸ் செத்துவிடும், காய்ச்சிய பால் குடித்தவருக்கு ஊசி வேண்டாம் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். மீதிப் பாலைக் குழியில் ஊற்றிவிட்டோம்.

கன்றைத் தனியாகப் புளியமரத்தடியில் கட்டினோம். அதற்கும் ஊசி போட்டார்கள். இன்னொரு கறவைக்கும் போட்டார்கள். மாதக்கணக்கில் தினம் காலையில் அத்தைதான் போய், ரெண்டடி தள்ளி நின்று, தண்ணீர் குடிக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொல்வார். இப்போது நன்றாக மேய்கிறது. அத்தையின் நாலாவது ஊசிச் சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.