ஏலமண்டிகளுக்கு நகராட்சி உரிமம்: விவசாயிகள் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

வாழைத்தோப்பு:

வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் ஒரு சின்ன நகராட்சி எங்கள் ஊர். பேரைச் சொன்னால் எந்த மண்டி, யாருடைய மண்டி என்று தெரிந்துவிடும். அதனால் பேர் வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே வீதியில் வாழைத்தார், தேங்காய், காய்கறி ஏலம் விடும் தனியார் மண்டிகள் வரிசையாக இருக்கின்றன. சிலது நகராட்சிக் கடைகள், மீதி சொந்த இடம். போன நகர்மன்றக் கூட்டத்தில் இவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று ஒரு பொருள் வைத்தார்கள். ஆண்டுக்கு ஒரு உரிமக் கட்டணம், விடிவதற்கு முன் ஏலம் கூறக் கூடாது, லாரி வீதியில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அதில் இருந்தது. ஒரு உறுப்பினர் மண்டிகளையே பைபாஸ் பக்கம் மாற்றச் சொன்னார். இன்னொருவர், கட்டணம் போட்டால் அதையும் காட்டுக்காரர், அதாவது விவசாயி, கையில் கொடுக்கும் கணக்குச் சீட்டில்தான் கழிப்பார்கள் என்றார். காரசாரமாகப் பேசிவிட்டு ஒத்திவைத்தார்கள். அடுத்த கூட்டத்துக்குத் திரும்ப வருகிறது.

எனக்கு ஒன்றரை ஏக்கர் வாழை. பாதி கதலி, பாதி செவ்வாழை. அப்பா காலத்திலிருந்து ஒரே மண்டிக்குத்தான் போடுகிறோம். கூட்டத்தில் பேசியது எல்லாம் வீதியைப் பற்றி. ஏலத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு மனு கொடுக்கலாம் என்று இருக்கிறோம். கமிஷனைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா? நகராட்சிக்கு அந்த அதிகாரம் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டிவீதி:

நானும் மண்டி வைத்திருக்கிறவன்தான், வேறு ஊர். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

நூற்றுக்குப் பத்து எடுக்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பத்துக்குள் என்ன இருக்கிறது? காட்டுக்காரருக்கு அன்றைக்கே அல்லது மறுநாளே பணம் கொடுத்துவிடுகிறோம். தார் எடுத்த வியாபாரி எங்களுக்குத் தருவது ஒரு வாரம், பத்து நாள் கழித்து. கேரளா போகும் சரக்கு என்றால் இன்னும் தள்ளும். ஒருவர் பணம் தராமல் ஊரை விட்டுப் போய்விட்டால் அந்த நஷ்டம் எங்களோடது. கன்று நடும்போது முன்பணம் கொடுப்பதும் நாங்கள்தான், அதற்கு எழுத்தும் கிடையாது, ஈடும் கிடையாது. பேங்கில் அலைந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே விதியாக இருக்கட்டும். நகராட்சி எல்லைக்குள் மட்டும் போட்டால், நாலு பேர் எல்லைக் கல்லைத் தாண்டிப் பஞ்சாயத்துப் பகுதியில் கொட்டகை போட்டுவிடுவார்கள். ஒழுங்காக நடத்துகிறவன் மட்டும் கட்டணம் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பழைய கணக்குப்பிள்ளை:

மண்டிவீதி சொன்னது நியாயம். கடன் வியாபாரத்தின் பாரம் மண்டிக்காரர் தலையில்தான் இருக்கிறது. நான் ஒரு காய்கனி மண்டியில் கணக்கு எழுதியவன், அதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் வாழைத்தோப்பு தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். மனுவில் கமிஷனை முதலில் வைக்காதீங்க. கமிஷன் தெரிந்து போகிற காசு. வாயால் சொல்லி எடுக்கிறார்கள், சீட்டில் எழுதி எடுக்கிறார்கள். அதைப் பற்றி எப்போது வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். தெரியாமல் போகிற காசு ஏல நோட்டுக்கும் உங்கள் கைக்கு வரும் சீட்டுக்கும் நடுவில் இருக்கிறது.

ஏலம் நடக்கும்போது பாருங்கள். கூறுகிறவர் பக்கத்தில் கணக்குப்பிள்ளை நீள நோட்டை இடது கையில் மடக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் முடிந்ததும் எடுத்தவருடைய ஆள் தார்க்காம்பில் தன் குறியைப் போடுவான். அந்த நேரத்தில் நோட்டில் ஒரு வரி விழும்: காட்டுக்காரர் பேர், எத்தனை தார், என்ன விலை, எடுத்தவர் குறி. இது ஏலச் சிட்டை. எத்தனை பேர் சுற்றி நின்றாலும் அந்த வரி உண்மையாகத்தான் இருக்கும், ஏனென்றால் வியாபாரியிடம் பணம் கேட்பது அதை வைத்துத்தான்.

காட்டுக்காரர் கையில் வருவது வேறு. ஏலம் முடிந்து, லாரி கிளம்பி, டீ குடித்த பிறகு கடைக்குள் உட்கார்ந்து எழுதும் சீட்டு அது. அரைத் தாள். தார், விலை, தொகை, அதற்குக் கீழே கமிஷன், இறக்குக் கூலி, வண்டி வாடகை, முன்பணத்தில் கழிவு, கடைசியில் நிகரம். எடுத்தவர் பேர் அதில் இருக்கவே இருக்காது.

உதாரணத்துக்கு, சிட்டையில் செவ்வாழை 40 தார் 620 என்று இருக்கிறது. சீட்டில் 600 என்று எழுதினால் 24,800 ரூபாய் 24,000 ஆகிவிடும். கமிஷன் 2,400 அதற்கு மேல் தனி. காட்டுக்காரர் கேட்டால் ‘ரெண்டு தார் பழுப்பு, சீப்பு அடிபட்டிருந்தது, வியாபாரி குறைத்துக்கொண்டார்’ என்பார்கள். சில நாள் அது நிஜமாகவே நடக்கும். நடந்த நாள் எது, நடக்காத நாள் எது என்று காட்டுக்காரரால் பிரித்துப் பார்க்க வழியில்லை. இந்த இடத்தில்தான் முதலாளிக்கும் எனக்கும் சரிப்படாமல் நான் வெளியே வந்தேன். எல்லா மண்டியிலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஒழுங்காக நடத்துகிறவரையும் நடத்தாதவரையும் ஒரே மாதிரி காட்டுகிற சீட்டு என்பதுதான் என் ஆதங்கம்.

அதனால் கேட்க வேண்டியது இது. ஏலம் முடிந்த இடத்திலேயே, சிட்டை எழுதும்போதே, அதன் நகல் காட்டுக்காரர் கைக்கு வர வேண்டும். லாட் எண், தார் அல்லது எடை, விலை, எடுத்தவருடைய உரிம எண், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். பிற்பாடு கழிவு ஏதாவது இருந்தால் அது தனி வரியாக, காரணத்தோடு வர வேண்டும். விலைக்குள் புகுந்து உட்காரக் கூடாது. விடிகாலை ஏலத்தைத் தடுப்பதால் ஒரு பயனும் இல்லை. வெயில் ஏறினால் சரக்கு வாடும், லாரிக்கும் பகல் ஆகிவிடும். வெளிச்சம் வேண்டும் என்று கேளுங்கள், நேரத்தில் கை வைக்காதீர்கள்.

சட்டமும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. கமிஷன் மண்டிக்காரர் உங்கள் சரக்கை வாங்குகிறவர் அல்ல, உங்களுக்காக விற்கிற ஏஜென்ட். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 213 படி, கேட்டபோது சரியான கணக்குக் காட்ட வேண்டியது ஏஜென்டின் கடமை. உங்களுக்குத் தெரியாமல் தன் சொந்தக் கணக்கிலேயே அவர் சரக்கை எடுத்துக்கொண்டால், அதில் கிடைத்த லாபத்தைக் கேட்கப் பிரிவு 216 உங்களுக்கு உரிமை தருகிறது. மண்டிக்காரரின் மச்சான் பேரில் எடுப்பது, பையன் பேரில் எடுப்பது, இதெல்லாம் வியாபார சாமர்த்தியம் என்று நம் ஆட்கள் சும்மா இருந்துவிடுகிறார்கள். சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 64 ஏலத்துக்கென்றே எழுதியது. விற்கிறவர் தன் ஆளை நிறுத்தி விலையை ஏற்றினால், ஏமாந்த வியாபாரி அந்த ஏலத்தையே ரத்து செய்யலாம். நியாயமான ஏலம் அவர்களுக்கும்தான் தேவை.

போடிநாயக்கனூர்ப் பக்கம் ஏலக்காய் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே நறுமணப் பொருள் வாரியத்தின் உரிமம் இல்லாமல் ஏலம் நடத்த முடியாது. போடியிலும் இடுக்கி புற்றடியிலும் கம்ப்யூட்டரில் கேட்பு நடக்கிறது. எவ்வளவு வந்தது, எவ்வளவு விற்றது, அன்றைய அதிக விலை, சராசரி விலை எல்லாம் வாரியத்தின் தளத்தில் வந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து செல்போனில் பார்த்துவிட்டு, தன் சீட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். வாழைக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். மண்டி வாசலில் ஒரு கரும்பலகை போதும். ரகவாரியாக அன்றைய அதிக விலையும் குறைந்த விலையும் எழுதி வைக்கட்டும்.

இது புதுசாக யாரோ கிளப்பிவிட்ட விஷயமும் கிடையாது. வணிகப் பயிர்களுக்கு 1933இல் சென்னை மாகாணத்தில் ஒரு சந்தைச் சட்டம் வந்தது. அதன்படி 1936இல் திருப்பூரில்தான் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் திறந்தார்கள். இன்றைக்கும் அந்தக் கூடங்களில் மறைமுக ஏலம், அதாவது வியாபாரிகள் ஒருவருக்கொருவர் தெரியாமல் விலை குறிக்கிற ஏலம், நடக்கிறது. காட்டுக்காரரிடம் கமிஷன் இல்லை, 1 சதவீதக் கட்டணமும் சரக்கை எடுக்கிற வியாபாரியிடம்தான். விலை பிடிக்கவில்லை என்றால் சரக்கை விற்காமல் வைத்துக்கொள்ளலாம். மஞ்சளுக்கு ஈரோட்டிலும் பெருந்துறையிலும் நீங்களே பார்த்திருப்பீர்கள். வாழையும் காய்கறியும் ஒரு நாள் தாங்காத சரக்கு என்பதால் தனியார் மண்டியிலேயே நின்றுவிட்டன. அழுகும் சரக்குக்காரனுக்குத்தான் காவல் அதிகம் வேண்டும்.

ஓய்வு_வருவாய்:

நகராட்சி வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதிகாரம் பற்றிக் கேட்டதற்கு என் பதில்.

தொழில் உரிமம் கொடுக்கலாம், தனியார் சந்தைக்கு உரிமம் வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாம், சுகாதாரம், கழிவு, ஆக்கிரமிப்பு, போக்குவரத்து இவற்றுக்கு நிபந்தனை போடலாம். 1920ஆம் வருஷ நகராட்சிச் சட்டத்திலேயே சந்தை உரிமம் இருந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023 விதிகளும். கமிஷன் இத்தனை சதவீதம்தான் என்று நகர்மன்றம் தீர்மானம் போட்டால் அது கோர்ட்டில் நிற்காது என்பது என் அனுபவக் கருத்து. விளைபொருள் விற்பனைக்கு 1987ஆம் வருஷச் சட்டம் தனியாக இருக்கிறது, அதை நடத்துவது மாவட்ட விற்பனைக்குழு. மனுவின் ஒரு நகல் விற்பனைக்குழுச் செயலாளருக்கும் ஒன்று ஆட்சியருக்கும் போகட்டும். எல்லை தாண்டிப் போகிறவர்களைப் பற்றி மண்டிவீதி சொன்னதற்கும் அதுதான் வழி, ஏனென்றால் ஆட்சியருக்கு நகராட்சியும் பஞ்சாயத்தும் ஒன்றுதான்.

ஆனால் ஒரு விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். சில மண்டிகள் நகராட்சிக் கடைகளில் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே நகராட்சி வெறும் உரிமம் கொடுக்கிற இடம் அல்ல, கடையின் சொந்தக்காரர். குத்தகை புதுப்பிக்கும்போது நியாயமான நிபந்தனைகளைச் சேர்க்கலாம். கணக்குப்பிள்ளை சொன்ன நகல் சீட்டு, விலைப் பலகை, வெளிச்சம், எல்லாவற்றையும் குத்தகை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அந்தக் கடைகளில் சீட்டு வந்துவிட்டால் எதிர்வரிசைக் கடைக்குப் போகிற காட்டுக்காரர் தானாகக் கேட்பார்.

கதலி எடையில் போகிற சரக்கு. எடைமேடையில் அந்த வருஷ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போட வேண்டும். அது நகராட்சி வேலை இல்லை, தொழிலாளர் துறை. புகார் போக வேண்டியது தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு.

கூட்டத்தில் பொதுமக்கள் பேச முடியாது. உங்கள் வார்டின் பகுதி சபையில் பேசலாம், அங்கே சொன்னது பதிவாகும். அங்கே ஒரு முறை, உறுப்பினரிடம் எழுத்தில் ஒரு முறை, ஆணையாளரிடம் ஒரு முறை. ஒப்புதல் ரசீது வாங்காமல் மனுவைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

மண்டிவீதி:

நகல் சீட்டுக்கு நான் தயார். எடுத்தவர் பேரை எழுதினால் அடுத்த தடவை காட்டுக்காரர் நேராக அவரிடமே சரக்கைக் கொண்டு போய்விடுவாரே என்று எங்கள் ஆட்களுக்குப் பயம் இருக்கிறது. பேர் இல்லாமல் உரிம எண் மட்டும் என்றால் ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். அதோடு வியாபாரிகளிடமிருந்து நகராட்சி ஒரு காப்புத்தொகை வாங்கி வைக்கட்டும். பணம் தராமல் போகிறவரிடமிருந்து எங்களுக்கும் ஒரு பிடி வேண்டும்.

வாழைத்தோப்பு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. குத்தகை விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. மனுவில் அதை முதலில் வைக்கிறோம், நகல் சீட்டு இரண்டாவது, விலைப் பலகை மூன்றாவது. காப்புத்தொகையையும் சேர்க்கிறோம், அது அவர்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. கமிஷனை இப்போது தொடவில்லை.

கணக்குப்பிள்ளை அண்ணா, ஒரு சந்தேகம். தீர்மானம் வருகிற வரைக்கும் சும்மா இருக்க முடியாது, வர்ற வாரம் 30 தார் வெட்டுகிறோம். சிட்டையைச் செல்போனில் போட்டோ எடுத்தால் போதுமா? எங்கள் குழுவில் பாதிப் பேர் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள், கேட்கவே பயப்படுகிறார்கள்.

பழைய கணக்குப்பிள்ளை:

போட்டோ போதும் தம்பி. மூணாவது தரம் சொன்ன உடனே, தார் நிற்கிற இடத்திலேயே எடுக்க வேண்டும். தார்க்காம்பில் இருக்கும் குறியும் சிட்டையின் அந்த வரியும் ஒரே படத்தில் வந்தால் நல்லது. நோட்டுக் கடைக்குள் போன பிறகு கேட்டால் தர மாட்டார்கள்.

முன்பணம் வாங்கியவர்களை முன்னால் நிறுத்தாதீங்க. பாக்கி இல்லாத இரண்டு மூன்று பேர் முதலில் கேட்கட்டும், நீங்களும் அவர்களோடு நில்லுங்கள். கூறுகிறவரிடம் சண்டைக்குப் போகாமல் ‘வீட்டுக் கணக்குக்கு வேண்டும்’ என்று சொன்னால் போதும். பாக்கி இருக்கிறவர்கள் அன்றைக்கு எத்தனை தார், என்ன விலையில் முடிந்தது என்று காதில் விழுந்ததை அங்கேயே எழுதி வைத்துக்கொள்ளட்டும். சீட்டு வந்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் தேதியோடு மனுவில் இணைப்பாகப் போடலாம், மண்டி பேரும் ஆள் பேரும் இல்லாமல்.