காத்த வச்சே ஐஸ் ரூம் ஓட்டேலுமா?

கொட்பே வாடிக்காரன்:
எங்கட மீன் வாடில சின்ன ஃப்ரீசர் ரூம் ஒண்டு இருக்கு, 404ஏ எண்ட குளிராக்கிற கேஸ் போட்டது. உப்புக்காத்துல வெளி கொயில் அரிச்சு அரிச்சு கேஸ் லீக் ஆகுது, திருப்பி அடிக்கிற விலையச் சொல்லவே வேணாம். பிளேன் ஏசில கேஸே இல்ல வெறும் காத்துதான் எண்டு ஒருத்தர் சொன்னார், உண்மையா? அப்ப என்ட ரூமையும் காத்துக்கு மாத்தேலாதா?

குளிர் மெக்கானிக்:
ஓம் அண்ணா, உண்மைதான். குளிராக்கிற கேஸுகளுக்குக் குடுக்கிற நம்பர்ல காத்துக்கும் ஆர்-729 எண்டு ஒண்டு இருக்கு. அனேகமான பிளேன்ல என்ஜின்ல இருந்து அமுக்கின சூட்டுக்காத்த எடுத்து, வெளிக்காத்தால ஆத்தி, டர்பைன் எண்ட சுத்துற சக்கரத்துக்குள்ள விரிய விடுவாங்க, டர்பைனச் சுத்துறதுக்கே காத்துட சூடு போயிரும், ஜில்லெண்டு வெளிய வரும். 1879 கடைசில அவுஸ்திரேலியாவில இருந்து லண்டனுக்கு வெளிக்கிட்ட ஸ்ட்ராத்லெவன் கப்பல்ல இறைச்சிய உறைய வச்சுக் கொண்டு போனதும் பெல்-கோல்மன் காத்து மெஷினாலதான்.

ஆனா உங்கட ரூமுக்குச் சரிவராது. 404ஏ ரூமுக்குள்ள இருக்கிற கொயில்ல கொதிச்சு ஆவியாகேக்க ஒரு கிலோவே 100 கிலோஜூலுக்கு மேல சூட்ட இழுக்கும். காத்து கொதிக்காது, ஒரு கிலோவுக்கு ஒரு பாகைக்கு 1 கிலோஜூல்தான், 40 பாகை இறங்கினாலும் 40தான். அவ்வளவு காத்த அமுக்க கரண்ட் தாங்காது. -50க்கு கீழ போனாத்தான் காத்துக்கு மவுசு, ஜப்பான்ல சஷிமிக்கு, அதாவது பச்சையாச் சாப்பிட, டூனாவ -60ல வைக்கிற ரூமுகளுக்கு இந்த மெஷின் போடுறாங்க.

உப்புவெளி:
இருக்கிற கொம்பிரசருக்குள்ள காத்த அடிச்சு மட்டும் பாத்திராதீங்க அண்ணா!! பிரஷர்ல ஒயிலும் காத்தும் சேந்தா வெடிக்கும், லீக் பாக்கிறதெண்டாலும் காய்ஞ்ச நைட்ரஜன்தான் அடிக்கோணும். இதக் கவனிக்காம வேலை செய்யிறவங்களக் காணேக்க உண்மையா பயமா இருக்கு. அதோட எங்கட ஈரக்காத்த அப்பிடியே விட்டா டர்பைன் வாயில ஐஸ் கட்டிரும், பிளேன்ல தண்ணிய பிரிச்செடுக்க தனியா ஒரு சாமான் இருக்கிறது அதுக்குத்தான்.

கொட்பே வாடிக்காரன்:
நல்லவேளை கேட்டன். அப்ப கொயிலுக்கு என்ன செய்யிறது?

குளிர் மெக்கானிக்:
அடிக்கடி நல்ல தண்ணியால மெதுவாக் கழுவுங்க, ஹை பிரஷர் வேணாம், ஃபின் எண்ட மெல்லிய தகடுகள் மடங்கிரும். கடல் பாத்த சுவர்ல இருந்தா மற்றப் பக்கம் மாத்துங்க. கேஸ் அடிக்க முந்தி கொயில் ஓரத்துல இருக்கிற வளைவுகளுக்கு சோப் நுரை பூசி ஒவ்வொண்டாப் பாருங்க, ஒயில் கசிஞ்சு கறுத்த இடம் இருந்தா அதான் லீக். கொயில் மாத்திற நிலை வந்தா கோட்டிங் போட்டதாக் கேளுங்க. புது மெஷினே எடுக்கிறதெண்டா புரொபேன் போட்டது பாருங்க, 404ஏ பூமியச் சூடாக்கிறது காபனீரொட்சைட்டப் போல 3922 மடங்கு, புரொபேன் சும்மா 3 கிட்டத்தான். ஆனா அது பத்தும், அதுக்கெண்டு செஞ்ச மெஷின்ல மட்டும்தான் போடோணும், பழசுக்குள்ள அடிக்கவே கூடாது.