மறு: செடிமென்ட் பட்ஜெட் – ‘மணற்கணக்கு’ எனலாமா?

சேர், வணக்கம்.

‘செடிமென்ட் பட்ஜெட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நீங்கள் தந்த ‘படிவு வரவு செலவுத் திட்டம்’ எனக்கு ஒத்துவரவில்லை. ‘திட்டம்’ என்றால் இனி நடக்கப்போவதற்கான ஒதுக்கீடு. இங்கே நாங்கள் பார்ப்பது ஒரு கரைத்துண்டுக்கு வந்த மணல் எவ்வளவு, போனது எவ்வளவு என்பதை. ‘மணற்கணக்கு’ போதும். வரவு, செலவு, இருப்பு என்ற சொற்களும் கூடவே வந்துவிடும், புதிதாக ஆக்கத் தேவையில்லை.

இதில் ‘இருப்பு’தான் எனக்கு முக்கியம். திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வாடைக் (வடகிழக்குப் பருவக்காற்று) காலத்தில் அலை மணலை வாரிக்கொண்டு போகும். தை மாதம் போய்ப் பார்த்தால் விடுதி மதிலின் அத்திவாரக் கல் வெளியே தெரியும். உடனே ‘கடலரிப்பு’ என்று எழுதிவிடுகிறோம். அந்த மணலில் பெரும்பகுதி சற்று வெளியே கடலடித் திட்டாகக் கிடக்கிறது. சோழகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கி எங்கள் பக்கக் கடல் அடங்கியதும் கரைக்குத் திரும்பும். அது செலவல்ல, இருப்பு இடம் மாறியது. ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில், அதே இடத்தில் கரையின் குறுக்குவெட்டை அளந்து பார்த்தால்தான் செலவு தெரியும். அடம்பன் கொடி படர்ந்த விளிம்பு ஆண்டுக்காண்டு உள்ளே தள்ளிப்போகிறதென்றால் நிச்சயம் கவலைப்பட வேண்டும்.

திருகோணமலைக்கு இன்னொரு செலவும் உண்டு. கொட்டியாரக் குடாவில் கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகிலேயே தொடங்குகிறது. மகாவலி ஆறு கொண்டுவரும் மணல் அதற்குள் இறங்கினால் கரைக்குத் திரும்பாது. ஆற்றின் மேலே அணைகளும் மணல் அகழ்வும் வரவைக் குறைக்கின்றன. வரவு குறைந்த கரையில் மதில் கட்டி என்ன பயன்? மதில் ஒரு பிடி மணலும் கொண்டுவராது. பின்னால் மேட்டில் இருந்த மணலையும் அடைத்துவைத்து, பக்கத்துக் காணியின் கரையை அறுக்கும். கிழக்குக் கரையின் ஒலுவில் துறைமுகத்தில் நடந்ததும் கணக்குப் பிசகுதான்: அலைதடுப்பு அணைக்குத் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை அறுந்தது. புதுச்சேரியிலும் துறைமுகத்துக்கு வடக்கே நகரக் கரை மணலை இழந்தது. ‘கடலரிப்பு’ என்ற சொல் பழியைக் கடல்மேல் போடுகிறது. ‘மணற்கணக்கு’ என்றால், யார் மறித்தது, யார் அள்ளியது என்ற கேள்வி தானாக எழும்.

சேறும் வண்டலும் விடுபடுமே என்பீர்கள். சரி, பொதுச்சொல்லாகப் ‘படிவுக்கணக்கு’ இருக்கட்டும், கடற்கரைக்கு மணற்கணக்கு.

அப்புறம், கரையில் மணலைக் கொண்டுவந்து கொட்டுவதற்குக் ‘கரைப் போஷாக்கு’ வேண்டாம், ‘மணலிடல்’ என்போம். 2020இல் கொழும்புக்குத் தெற்கே கல்கிசையில் கடலடி மணலை இறைத்துக் கொட்டினார்களே, அது கணக்கில் வரவு. இட்ட மணல் எத்தனை பருவம் தங்குகிறது என்று தொடர்ந்து பதிய வேண்டும். குரொயினுக்கு (மணலை மறிக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல்தடுப்பு) தமிழ்நாட்டு மீனவர் வழக்கான ‘தூண்டில் வளைவு’ இருக்கும்போது வேறு தேட வேண்டாம்.

‘கரையோரத்தில் விடுதி கட்ட அனுமதி கேட்பவர் அந்தக் கரையின் மணற்கணக்கையும் இணைக்க வேண்டும்’ என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள் சேர். சொல் தடக்கினால் அறிவியுங்கள், மாற்றுவோம்.