கொமடோர், ஸ்பெக்ட்ரம் எழுத்துக் குழப்பம்: கண்டவர்கள் சொல்லுங்க

கல்லடி:
கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியின் டிஸ்கில் இருக்கிற கடிதத்தை இப்போதைய கணினியில் திறந்தால் சிறிய ஆங்கில எழுத்தெல்லாம் பெரிதாய் நிற்கும். பெரிய எழுத்து இருந்த இடத்தில் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்து வரும். உப்புக்காற்றில் டிஸ்க் பழுதாப் போச்சு என்று எறிந்துவிடாதீங்க. ஒவ்வோர் எழுத்துக்கும் கோப்பில் உள்ள குறி எண் வேறு, அவ்வளவுதான். 65 முதல் 90 வரை உள்ளதற்கு 32 கூட்டுங்க. 193 முதல் 218 வரை உள்ளதில் 128 கழியுங்க. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் பைட் பைட்டாகச் செய்யவேணும். முழுக்கக் கழித்து முடித்துவிட்டுப் பிறகு கூட்டப் போனால் எல்லாமே சிறிய எழுத்தாகிவிடும். வரி முடிவுக் குறியான 13ஐ 10 ஆக்குங்க. இல்லாவிட்டால் சில எடிட்டரில் கடிதம் முழுக்க ஒரே வரிதான்.

களுவாஞ்சிக்குடி:
அண்ணன் சொன்னது பெட்ஸ்கி என்கிற கொமடோரின் சொந்தக் குறிமுறையில் சேமித்த கோப்புக்கு. சில மென்பொருள்கள் திரை நினைவகத்தின் எண்ணையே சேமிக்கும். கோப்பில் பாதிக்கு மேல் 1–26 கிடந்தால் அதுதான். அதற்கு 96 கூட்டினால் சிறிய எழுத்து. 65–90 ஏற்கனவே சரியான பெரிய எழுத்து, தொடவேண்டாம்.

கல்முனை:
ஸ்பெக்ட்ரம் என்கிற மற்றப் பழைய வீட்டுக் கணினியில், பேசிக் மொழியில் எழுதிய நிரலில் 165 முதல் 255 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரு முழுக் கட்டளை: 245 பிரிண்ட், 241 லெட். இலக்கம் வரும் இடமெல்லாம் அதன் பின்னால் 14உம் இன்னும் 5 பைட்டும் ஒளிந்திருக்கும். அந்த 5இல் ஒன்று 13 ஆக இருந்தால், வரி முடிந்ததென்று வெட்டிவிடுகிற மாற்றிகளும் இருக்கு. வரித் தொடக்கத்தில் வரி எண்ணுக்கு 2 பைட், நீளத்துக்கு 2 பைட். அந்த நீளத்தை நம்பி எண்ணுங்க. வரி எண்ணில் பெரிய பைட் முந்தி, நீளத்தில் சிறியது முந்தி. என்ன ஏற்பாடோ!

அக்கரைப்பற்று:
ஸ்பெக்ட்ரத்தில் தமிழ் காட்ட, நாமே வடிவம் வரையக்கூடிய 144–164 குறிகள் காணாது. 21 இடம்தான், மெய் 18 போனால் கொம்பு, அரவு, விசிறி என்கிற உயிர்க்குறிகளுக்கு எங்கே போறது? 48கே நினைவகமுள்ள ஸ்பெக்ட்ரம் என்றால், மேலே இடம் ஒதுக்கக் கிளியர் 63999 அடித்து, மூல எழுத்துரு இருக்கிற நினைவக இடமான 15616இலிருந்து 768 பைட்டை 64000க்கு நகலெடுத்து, எழுத்து வடிவங்களை மட்டும் மாற்றுங்க. இலக்கங்களில் கை வைத்தால் லிஸ்டிங்கில் வரி எண்ணே தெரியாது. பிறகு புது எழுத்துரு இருக்கிற இடத்தைக் கணினிக்குச் சொல்ல போக் 23606,0, போக் 23607,249. பழையபடி வர 23607இல் 60. கரண்ட் போக முதல் அந்த 768ஐயும் கசெற்றில் சேமியுங்க. ண, ஔ எட்டுப் புள்ளி அகலத்தில் அடங்காது, இரண்டு கட்டம் ஒதுக்குங்க. பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் ஆங்கில m இன் குறியான 109இன் மேல் அ வடிவத்தை ஏற்றிய அதே வேலைதான் இதுவும். எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் ஆங்கிலம்தான் தெரியும், ஆகவே கோப்போடு அதையும் சேர்த்தே அனுப்புங்க.