சூட்டிங்கில் நீங்கள் சந்தித்த ஆட்கள்: திருகோணமலை அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து:

போன ஆடி மாதம் நம்ம ஊரில் ஒரு குறும்படம் எடுத்தார்கள். கொழும்பிலிருந்து பதினொரு பேர் வந்திருந்தார்கள். இடம் காட்டவும் அனுமதிக்கு அலையவும் சாப்பாடு ஒழுங்கு பண்ணவும் உள்ளூர் ஆள் ஒருவர் தேவை என்று கூட்டாளி சொன்னான், போனேன். நான்கு நாட்கள். அதுவரை சினிமா வேலை என்றால் நடிப்பதும் இயக்குவதும்தான் என்று நினைத்திருந்தேன். அங்கே பார்த்த சிலரை இன்னும் மறக்க முடியவில்லை. உங்களுக்கும் இப்படி யாரையாவது தெரிந்திருந்தால் கீழே எழுதுங்கள்.

முதல் நாளே சூரியனால் சிக்கல். கதையில் ஓர் அப்பாவும் மகளும் கரையில் இருக்க, கடலில் சூரியன் இறங்குகிறது. இடம் உப்புவெளி என்று தாளில் அடித்திருந்தார்கள். "அண்ணா, இங்கே சூரியன் கடலிலிருந்து எழும்பும், கடலில் விழாது" என்றேன். கிழக்குக் கரையில் பிறந்த பிள்ளைக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. காலிமுகத்திடலில் மாலை பார்த்து வளர்ந்தவருக்குக் கடல் என்றாலே சூரியன் மறைகிற இடம்.

உதயத்தை எடுத்து மாலை என்று காட்டலாமா என்று பேச்சு வந்தது. ஒளிப்பதிவாளர் ஒத்துக்கொள்ளவில்லை. உதயத்தில் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் கூடும், எனக்கு அந்த அப்பாவின் முகம் மெல்ல மங்க வேண்டும் என்றார். எடுத்ததைப் பின்பக்கமாக ஓட்டினால் என்ன என்று ஒருவர் கேட்டார். அலை கரையிலிருந்து கடலுக்குள் சுருண்டு போகும், காகம் வாலை முன்னே விட்டுப் பறக்கும், சரிவராது. அன்று பின்னேரம் ஒளிப்பதிவாளரை உட்துறைமுகப் பக்கம் கூட்டிப்போனேன். அங்கே தண்ணீருக்கு அப்பால் எதிர்க்கரை மேடுகளுக்குப் பின்னால் சூரியன் போகும். அரை மணி நேரம் அவர் கமராவைத் தொடவே இல்லை. ஒளிமானியைக் கையில் பிடித்து, வெளிச்சம் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொண்டே நின்றார். அடுத்த நாள் காலை கதையே மாறிவிட்டது. மணல் கரை துறைமுகக் கரை ஆனது. மீன் பிடிக்கிற அப்பா படகு திருத்துகிற அப்பாவானார்.

அப்புறம் கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததுக்கும் எதுவும் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்த பிள்ளை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். பிரெட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகிற பாதையில் ஒரு காட்சி. அங்கே மான்கள் சுற்றித் திரிவது உங்களுக்குத் தெரியும். முதல் டேக்கில் ஒரு மான் மகளுக்குப் பின்னால் நின்றது. எல்லாருக்கும் சந்தோஷம். இரண்டாவது டேக்கில் மான் இல்லை. அந்தப் பிள்ளை ஒருத்திதான் கையை உயர்த்தி, "மான் வேண்டுமென்றால் முகத்துக்குக் கிட்டப் போகிற ஷாட்டையும் இப்போதே எடுங்கள், இல்லாவிட்டால் முதல் டேக்கை மறந்துவிடுங்கள்" என்றாள். தூரத்தில் எடுத்ததில் மான் நிற்க, கிட்ட எடுத்ததில் இல்லாமல் போனால் வெட்டி ஒட்டும்போது இடிக்கும். மகளின் எந்தத் தோளில் பை இருந்தது, அர்ச்சனைத் தட்டில் எத்தனை வாழைப்பழம் இருந்தது, எந்தச் சொல்லில் திரும்பினாள், எல்லாம் அவள் கொப்பியில் இருந்தது. வாழைப்பழத்தை எண்ணியது வீண் போகவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் ஒரு மான் வந்து இரண்டை எடுத்துவிட்டது.

கிளாப் பலகை அடிப்பதும் அவள்தான். அது ஏன் என்று கேட்டேன். படம் ஒரு கருவியிலும் சத்தம் இன்னொன்றிலும் பதிவாகின்றன. வினாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனிப் படங்கள். பலகை மூடுகிற அந்த ஒரு ஃப்ரேமையும் 'டக்' என்ற சத்தத்தையும் எடிட்டர் சேர்த்து வைத்தால் பிறகு உதடும் பேச்சும் ஒன்றாகப் போகும். தொடக்கத்தில் அடிக்க முடியாத ஷாட்டுக்குக் கடைசியில் பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பாளாம். எடிட்டர் கண்ணால் பார்த்தவுடனே விளங்கிக்கொள்வார்.

உப்புவெளியிலிருந்து:

நல்ல காரியம் தொடங்கினீர்கள் அண்ணா. நான் படகு ஓட்டுகிறவன். புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப்போகிற தொழில். இரண்டு முறை சூட்டிங் ஆட்களையும் ஏற்றியிருக்கிறேன்.

நான் சொல்ல வருவது ஃபோகஸ் பிடிக்கிறவரைப் பற்றி. கமராவில் கண் வைத்திருப்பவர் வேறு, இவர் வேறு. இவர் பக்கத்தில் நின்று லென்ஸின் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார். தரையில் என்றால் நடிகரின் கண்ணிலிருந்து கமரா வரை டேப் பிடித்து அளந்து நிலத்தில் அடையாளம் ஒட்டிவிடுவார்கள். கடலில் எங்கே ஒட்டுவது? என் படகில் கமரா, அடுத்த படகில் நடிகர். இடையில் ஏழெட்டு அடி. அலை தூக்கும்போது ஐந்தடியாகும், விடும்போது பத்தடியாகும். லென்ஸை முழுக்கத் திறந்து வைத்திருந்தார்கள், அப்படி வைத்தால் ஒரு சாண் பிசகினாலே முகம் மங்கிவிடுமாம்.

அவர் என்னிடம் வந்து, "அண்ணா, அலை வருவது உங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். நான் பின்னால் சுக்கானில் இருந்து "வருது", "விடுது" என்று மெதுவாகச் சொல்ல, அவர் என் குரலுக்கு வளையத்தைத் திருப்பினார். ஆறாவது டேக்கில் கூர்மையாக வந்தது. திரையில் போட்டுக் காட்டியபோது அவர் முதலில் கை கொடுத்தது எனக்கு.

நம்ம கடலுக்குப் படம் புதிதும் இல்லை. அறிவியல் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் 1956 இல் கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலை அடியில் மூழ்கிப் பழைய கோயிலின் கற்தூண்களைப் பார்த்தார்கள். அந்த வில்சன் இயக்கி 1962 இல் வந்த 'ரன்முத்து தூவ' தான் சிங்களத்தின் முதல் வண்ண முழுநீளப் படம். அதிலுள்ள நீருக்கடிக் காட்சிகளை இங்கேதான் எடுத்தார்கள். கடலுக்கடியில் ஃபோகஸ் பிடித்தவர் யாரோ, அவருக்குப் படகிலிருந்து கயிறு பிடித்தவர்கள் யாரோ என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

கிண்ணியாவிலிருந்து:

நான் ஆசிரியை. ஒரு படத்துக்குப் பேச்சுத் திருத்தப் போனேன். இப்படியொரு வேலை இருப்பதே அதற்கு முதல் தெரியாது.

கதை எங்கள் ஊர் முஸ்லிம் குடும்பம் ஒன்றைப் பற்றியது. எழுதியவர் வெளியூர். படம் எடுத்து முடிந்த பிறகுதான் ஒருவர், எங்கள் வீடுகளில் இப்படிப் பேசமாட்டார்கள் என்று சொல்ல, என்னைத் தேடி வந்தார்கள். பிள்ளைகள் "அப்பா", "அம்மா" என்று கூப்பிடுகிறார்கள். எங்களுக்கு வாப்பா, உம்மா. அண்ணன் காக்கா, அக்கா ராத்தா. உம்மாவாக நடித்தவர் யாழ்ப்பாணம். அருமையாக நடித்திருந்தார், ஆனால் "பேந்து வாறன்" என்றார். நாங்கள் "புறகு" என்போம். இந்த ஒரு சொல்லில் ஊர் மாறிவிடும்.

திரும்ப எடுக்கக் காசில்லை, டப்பிங்கில்தான் சரி செய்ய வேண்டும். அங்கே இருந்த ஒலித் தொகுப்பாளரிடம் நான் பாடம் படித்தேன். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு முக்கியமாகத் தெரிவது உதடு மூடுகிற எழுத்துகளாம், ப, ம இரண்டும். "அம்மா" என்று அசைந்த வாயில் "உம்மா" அப்படியே உட்காரும். "அப்பா"வில் "வாப்பா"வும் உட்காரும், கொஞ்சம் முந்தித் தொடங்கினால் போதும். "அக்கா", "ராத்தா" இரண்டிலும் உதடு மூடுவதே இல்லை, பிரச்சினையில்லை. "பேந்து"க்கும் "புறகு"க்கும் தொடக்கத்தில் ஒரே ப! நான் இருபது வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். இதழெழுத்தை ஒருவர் இப்படிப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. அந்த மூன்று நாளும் எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஒரு மனவருத்தமும் உண்டு. கடைசியில் ஓடுகிற பெயர்ப்பட்டியலில் என் பெயர் இல்லை. கேட்டதற்கு அப்படியொரு பிரிவு பட்டியலில் இல்லை என்றார்கள். பிரிவு இல்லையென்றால் ஒரு வரி சேர்த்திருக்கலாம். எந்த வேலையாக இருந்தாலும் செய்தவர் பெயரைப் போட வேண்டும், இதில் நான் உறுதியாக இருக்கிறேன். நீங்கள் யாராவது படத்துக்கு உதவப் போனால் முதல் நாளே பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்து, போடுவீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

தம்பலகாமத்திலிருந்து:

எங்கள் வயலில் எடுத்தார்கள். கச்சான் காற்று நேரம். ஒலிப்பதிவு செய்த தம்பி மைக்குக்கு மயிர் வைத்த உறை போட்டும் காற்று உள்ளே போய்விட்டது. கடைசியில் பம்ப் கொட்டிலின் மறைவில் நடிகர்களை நிற்க வைத்தார்கள்.

அவர் முதல் நாள் காலையிலேயே ஆதிகோணேசர் கோயிலுக்குப் போய்ப் பூசை நேரங்களைக் கேட்டு எழுதி வந்திருந்தார். ஒரு டேக்கில் மணி கேட்டு அடுத்ததில் கேட்காவிட்டால் இரண்டையும் சேர்க்க முடியாதாம். அதனால் பூசை நேரத்தில் எல்லாரையும் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டு, மணியைத் தனியாகப் பதிவு செய்து வைத்தார். ஒவ்வொரு இடத்திலும் வேலை முடிந்ததும் ஒரு நிமிடம் யாரும் அசையாமல் நிற்க வேண்டும், அந்த இடத்தின் வெறும் சத்தத்தை எடுப்பார். வசனங்களுக்கு இடையில் வெட்டிய ஓட்டைகளை அடைக்க அது தேவையாம். நாற்பது வருடமாக எனக்கு இருக்கிற வயல், அன்றுதான் ஒரு நிமிடம் சும்மா நின்று கேட்டேன். வாய்க்கால் தண்ணீர் இவ்வளவு சத்தமாக ஓடும் என்று நினைத்திருக்கவில்லை.

மூதூரிலிருந்து:

எனக்கு 19 வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிறேன். கமரா இல்லை, போன் மட்டும்தான். இந்த வேலைகளில் எதிலாவது சேர ஆசை. எங்கே தொடங்குவது?

உவர்மலையிலிருந்து:

கிண்ணியா ரீச்சர், உங்கள் விஷயத்தை வாசித்ததும் நான் உதவிய படத்தின் பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். நான்கு நாளும் எங்களுக்குச் சமைத்த அக்காவின் பெயர் விடுபட்டிருக்கிறது. இன்று காலை அவர்களுக்குச் செய்தி அனுப்பினேன். சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், சேர்க்கும்வரை கேட்பேன்.

மூதூர் தம்பி, கமரா இல்லாதது தடையில்லை. முதலில் ஒரு படப்பிடிப்பை முழு நாளும் நின்று பாருங்கள், எந்த வேலையின் பக்கம் உங்கள் கண் தானாகப் போகிறது என்று தெரியவரும். இந்தச் சனிக்கிழமை எங்கள் ஊர்ப் பெடியன்கள் கடற்கரையில் ஒரு சின்னக் காட்சி எடுக்கிறார்கள். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ரிஃப்ளெக்டரைப் பிடிக்க ஓர் ஆள் குறைகிறது. காலை 5.30க்கே வெளிச்சம் வந்துவிடும், அதனால் வெள்ளிக்கிழமை இரவே எங்கள் வீட்டுக்கு வந்து தங்குங்கள். வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். தொப்பி கட்டாயம்.